பழம் படங்களில் படைச் சின்னங்கள்

பெங்களூர் என்னும் பெயர் எழுத்தில் நமக்கு முதன்முதலாகக் கிடைப்பது அரசர் வழங்கிய பட்டயத்தில் அன்று; போரில் பட்ட ஒரு வீரனுக்கு எழுப்பிய கல்லில். நகரின் தெற்கே பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த கன்னட வீரக்கல்லே ‘பெங்களூருப் போர்’ ஒன்றைக் குறிப்பிட்டு இந்நகரின் பெயரை நமக்கு அறிவிக்கிறது. தமிழகத்திலும் இம்மரபு மிகப் பழையது. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. செங்கம் வட்டாரத்துக் கற்கள் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் எவருடைய சேவகன், எதன்பொருட்டு உயிர் நீத்தான் என்பனவற்றைச் சில வரிகளில் சொல்லி முடிக்கின்றன.

கல் நடும் வழக்கம் மறைந்தபின், படைக்குச் சென்றவனின் உருவைக் காத்து வைத்த பொருள் புகைப்படமே எனலாம். வீட்டின் முன்கூடத்தில், நிலைக்கு மேலே, சந்தனப் பொட்டும் காய்ந்த மாலையுமாக அது தொங்குகிறது. “யார் இவர்?” என்று கேட்டால், “தாத்தாவின் தமையனார், பட்டாளத்தில் இருந்தவர்” என்ற விடை வரும். எந்தப் பட்டாளம், எந்த ஆண்டு, என்ன பதவி என்று மேலும் வினவினால் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். ஆயின், படத்தில் உள்ளவர் தம் வரலாற்றைத் தம் உடம்பிலேயே எழுதிக்கொண்டு நிற்கிறார். தொப்பியில் பில்லை, தோளில் பித்தளை எழுத்து, சட்டைக் கையில் பட்டை, மார்பில் நாடா, இவை யாவும் எழுத்துகளே. கல்வெட்டைப் படிக்க எழுத்தறிவு வேண்டுவதுபோல, இவற்றைப் படிக்கவும் ஒருவகை எழுத்தறிவு வேண்டும். அதனை இயன்ற அளவில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்துகொண்டு இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் சீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலேயப் படை, காய்ச்சலுக்கு அஞ்சி 1809-இல் பெங்களூருக்கு மாறியது. ‘தண்டு’ என்று நம் முன்னோர் வழங்கிய கன்டோன்மென்ட் இவ்வாறே தோன்றிற்று. படையோடு சிப்பாய்களும், அவர்களுக்குச் சோறாக்கியவர்களும், துணி தைத்தவர்களும், கட்டடக் குத்தகைதாரர்களுமாகத் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வந்து நிலைத்தன. ஐ.சி.எஸ். அதிகாரி எஃப். ஜே. ரிச்சர்ட்ஸின் பெயரால் பின்னாளில் எழுந்த நம் குடியிருப்புக்கு அண்மையிலேயே அல்சூர் ஏரியும், அதன் பக்கத்தில் மதராஸ் ஸாப்பர்களின் தலைமையிடமும் உள்ளன. ஆகவே, இப்பக்கத்துப் பழைய வீடுகளில் படைவீரர் படம் ஒன்றேனும் இருப்பது வியப்பன்று.

முதலில் நோக்க வேண்டியது முடி. தொப்பிப் பில்லையின் உச்சியிலோ தோளிலோ உள்ள மகுடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தல் வேண்டும். விக்டோரியா மகாராணியின் காலத்து மகுடத்தில் வளைவுகள் நடுவே சற்றுத் தாழ்ந்திருக்கும். 1901-இல் ஏழாம் எட்வர்டு பட்டத்துக்கு வந்தபின் வழங்கிய மகுடம் கவிழ்த்த கிண்ணம்போல் உருண்டு மேலெழும். 1950 சனவரி 26-க்குப் பின் இந்தியப் படையில் மகுடமே இல்லை. அவ்விடத்தை அசோகச் சிங்கங்கள் பெற்றன. தோள் நட்சத்திரமும் அவ்வாறே மாறியது. ஆங்கிலேயர் காலத்து நட்சத்திரம் சாய்சதுரம்போல் நான்கு மூலைகள் உடையது. குடியரசின் நட்சத்திரம் ஐந்து முனைகள் கொண்டது. விரல் நகத்தினும் சிறிய இவ்வடையாளங்கள், நாள் குறிப்பிடாத படத்தை இன்ன காலத்தது என்று வரையறுத்துவிடுகின்றன.

அடுத்தது, எந்தப் படை என்னும் வினா. கேடயமும் குறுக்கு வாள்களும் யானையும் அமைந்த பில்லை மதராஸ் ரெஜிமென்டினுடையது. 1803 செப்டம்பர் 23-இல் நடந்த அஸ்ஸாயி போரின் நினைவாக வந்தது அந்த யானை. குறுக்காக வைத்த இரு கோடரிகள் பயனியர் படைகளின் குறி. காடு வெட்டிப் பாதை அமைத்தபடியே படைக்கு முன் சென்றவர்கள் அவர்கள். மதராஸ் பயனியர் படை 1933-இல் கலைக்கப்பட்டது. பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் கூடுமிடத்தில், வாகன இரைச்சலுக்கு நடுவே நிற்கும் நினைவுத்தூண் அப்படையினருக்கு உரியது என்பதை அவ்வழியே நாள்தோறும் செல்பவரில் எத்தனை பேர் அறிவர்?

ஸாப்பர் என்பவர் பாலமிடுவோர், சுரங்கம் அகழ்வோர், கண்ணிவெடி அகற்றுவோர் ஆவர். விளிம்பில்லாத உயர்ந்த தனித் தொப்பியால் மதராஸ் ஸாப்பரைக் கூட்டத்திலும் பிரித்தறியலாம். இவர்களின் படை 1780-இல் சென்னையில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கப்பட்டது. 1831-இல் ஸாப்பர் அண்டு மைனர் என்னும் பெயர் பெற்றது. 1834-இல் பெங்களூருக்கு வந்தது. அதன்பின் அதன் பெயர் பலமுறை மாறியது. 1876-இல் ‘மகாராணியின் சொந்த’ என்ற அடைமொழி சேர்ந்தது. 1903-ஐ ஒட்டிய சீர்திருத்தத்தில் 2 என்ற எண் வந்தது. 1911-இல் விக்டோரியாவின் பெயர் வெளிப்படையாக இணைந்தது. 1923-இல் எண் நீங்கியது. குடியரசின் கீழ் மதராஸ் எஞ்சினியர் குரூப் ஆயிற்று. இம்மாற்றங்கள் நமக்குப் பெரிதும் பயன்படுகின்றன. தோள்பட்டைப் பித்தளையில் 2 என்ற எண் தெரியுமாயின், அச்சட்டை 1903-க்கும் 1923-க்கும் இடைப்பட்ட காலத்துக்கு உரியது எனக் கொள்ளலாம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் படமாயின், மேற்கையில் தைத்த துணிச் சின்னத்தையும் காணல் வேண்டும். அது படைவீரரின் ரெஜிமென்டைக் குறிப்பதன்று. அவர் எந்த டிவிஷனோடு போர்முனைக்குச் சென்றார் என்பதைக் குறிப்பது. சிவப்புக் கழுகு 4-ஆம் இந்திய டிவிஷன். அது வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டது. கரும்பூனை 17-ஆம் டிவிஷன். பர்மா முனையில் நின்றது. குத்துவாள் ஏந்திய கை 19-ஆம் டிவிஷன்; அதுவும் பர்மாவில்தான். “தாத்தா எங்கோ கடல் கடந்து போனார்” என்ற வீட்டுச் செய்திக்கு இத்துணித் துண்டு திசை காட்டுகிறது.

பதவியைக் காட்டுவன பட்டைகளும் நட்சத்திரங்களும். மேற்கையில் முனை கீழ்நோக்கிய பட்டை ஒன்று இருப்பின் லான்ஸ் நாயக், இரண்டாயின் நாயக், மூன்றாயின் ஹவில்தார். அதற்கு மேற்பட்டோர் வைஸ்ராயின் கமிஷன் பெற்றவர்கள்; இவர்களுக்குத் தோளில் நட்சத்திரம். ஒன்று ஜெமதாருக்கு, இரண்டு சுபேதாருக்கு. ஜெமதார் என்ற பெயர் 1965-இல் நாயப் சுபேதார் என மாறியது. வெள்ளைக்கார லெப்டினன்டுக்கும் அதே நட்சத்திரங்கள் உண்டாகையால், நட்சத்திரத்தை மட்டும் கண்டு முடிவு கூறலாகாது; உடையையும் தொப்பியையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

மார்பில் உள்ள நாடாக்களை அறிவதில் ஓர் இடர் உண்டு. நாடாவின் பொருள் அதன் நிறத்தில் இருக்கிறது. படமோ கருப்பு வெள்ளை. அன்றியும், பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் சிவப்பை உணரும் திறன் அற்றவை. அவற்றில் சிவப்பு கருப்பாகவும், நீலம் வெளுத்தும் விழும். எனவே, படத்தில் கருத்துத் தெரியும் கோட்டைக் கருநீலம் என்று கொண்டால் முடிவு தலைகீழாகும். நிறத்தை விட்டுக் கோடுகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும், பதக்கம் தொங்குமாயின் அதன் வடிவத்தையும் நோக்குவதே தக்கது. ஸ்டூடியோவில் பிற்காலத்தில் வண்ணம் தீட்டிய படங்களை நிறத்துக்குச் சான்றாகக் கொள்ளவே கூடாது.

படம் இடவலமாக மாறி அச்சாகியிருக்கவும் கூடும். தோளில் உள்ள எழுத்து நேராகப் படிக்க வருகிறதா, சட்டைப் பொத்தான்கள் ஆடவர் உடைக்குரிய பக்கம் உள்ளனவா என்பவற்றைச் சரிபார்த்தல் நலம். பதக்கம் அணிபவரின் இடமார்பில் இருப்பதே முறை. எழுத்து நேராக இருந்தும் பதக்கம் வலமார்பில் காணப்படின், அஃது இறந்துபோன உறவினருடையது. மகனோ பேரனோ நினைவுக்காக அணிந்துள்ளான் என்று பொருள்.

பதக்கமே கைவசம் இருப்பின் அதனினும் நல்ல சான்று வேறில்லை. முதல் உலகப்போரின் பதக்கங்களில், விளிம்பில், வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே பதக்கம் வழங்கினர். இந்திய வீரர்களுக்கோ பெயர் பொறித்தே வழங்கினர். எழுதப் படிக்க அறியாத எத்தனையோ உழவர் மக்களின் பெயர் அச்சு எழுத்தில் அமைந்த ஒரே இடம் அவ்விளிம்பாகத்தான் இருக்கும்.

இம்முறையைக் கொண்டு எம் இல்லத்துப் படம் ஒன்றை ஆராய்ந்த வகையை இங்குக் கூறுதல் பொருந்தும். படத்தில் இருப்பவர் எம் தாயாரின் பாட்டனார். முதல் உலகப்போரில் கடல் கடந்து சென்றவர். அவரை ‘ஹவில்தார் தாத்தா’ என்றே மூன்று தலைமுறையாக வீட்டார் வழங்கி வந்தனர். சட்டைக் கையில் பட்டைகள் இருப்பதே அதற்குச் சான்று என்றனர்.

படத்தில் மகுடம் உருண்ட வடிவினது. தோளில் 2 என்ற எண் தெளிவாக உள்ளது. இடமார்பில் இரண்டு பதக்கங்கள் தொங்குகின்றன: ஒன்று பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், மற்றொன்று சிறகுடைய வெற்றித் தேவதையின் உருவம் கொண்ட வெற்றிப் பதக்கம். இவ்விரண்டும் 1919-இல் ஏற்படுத்தப்பட்டவை. எனவே, படம் 1919-க்குப் பிற்பட்டது. எண்ணை நோக்க, 1923-க்கு முற்பட்டது அல்லது அதனை ஒட்டியது. போரின் முதல் இரண்டு ஆண்டுகளில் களத்தில் இருந்தோர்க்கு உரிய 1914-15 நட்சத்திரம் அவர் மார்பில் இல்லை. ஆதலின், அவர் போர்க்களம் சென்றது 1916 அல்லது அதற்குப் பின் என்று கொள்ள இடமுண்டு. மெசபொட்டேமியாவில் டைகிரீஸ் ஆற்றின்மேல் பாலங்கள் அமைத்துப் படைகள் பாக்தாத் நோக்கி முன்னேறியது 1917-இல். ‘பஸ்ரா’ என்ற ஒரு சொல் மட்டும் எம் பாட்டியார் வாயில் தங்கியிருந்தது. படம் காட்டும் காலமும் அதனோடு பொருந்துகிறது.

பட்டைகளுக்கு வருவோம். அவை இரண்டு. மேற்கையில் இல்லை, இடக்கையின் முழங்கைக்குக் கீழே உள்ளன. முனை கீழ்நோக்கவில்லை, மேல்நோக்கி நிற்கிறது. தோள் எழுத்து நேராக இருப்பதால் படம் இடவலம் மாறியதன்று. இவ்வாறு அமைந்த பட்டை பதவியைக் குறிப்பதன்று, நன்னடத்தையைக் குறிப்பது. தண்டனைக்கு ஆளாகாமல் குறித்த ஆண்டுகள் பணியாற்றிய கீழ்நிலை வீரனுக்கு அந்தப் பட்டையும் அதனோடு சிறிது கூடுதல் சம்பளமும் கிடைத்தன. பதவி உயர்ந்தவர் அதனை அணிவதில்லை.

இரண்டு பதக்கங்களில் வெள்ளியால் ஆனது வீட்டில் இப்போது இல்லை. ஒரு திருமணத்தின்போது அது கொலுசாக மாறிற்று. வெண்கலத்தாலான வெற்றிப் பதக்கம் உருக்கத் தகாதது என்பதனால் பிழைத்தது. அதன் விளிம்பில் எண்ணும் பெயரும் உள்ளன. பெயருக்கு முன் ‘ஸாப்பர்’ என்றே உள்ளது. விளிம்பு மட்டும் இருந்தால், போருக்குப்பின் பதவி உயர்ந்திருக்கலாம் என்று வாதிடலாம். படம் மட்டும் இருந்தால், பட்டையின் பொருள் பற்றி ஐயம் எழுப்பலாம். இரு சாட்சிகளும் ஒன்றையே சொல்லும்போது மறுப்பதற்கில்லை. அப்படம் எடுத்த நாளில் அவர் ஸாப்பர்; அதாவது, சாதாரணச் சிப்பாய்.

இதனைச் சொன்னபோது வீட்டில் மூத்தவரான எம் பெரியம்மா சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “அப்படியானால் அந்தப் பட்டையைச் சும்மாவா கொடுத்தான் வெள்ளைக்காரன்?” என்று கேட்டார். சும்மா கொடுக்கவில்லை என்பதே உண்மை. பதவி ஒருவர்க்கு மேலதிகாரியின் தயவால் வரலாம். காலியிடம் ஏற்பட்டதால் வரலாம். ஆண்டுக்கணக்கில் ஒரு தவறும் பதியப்படாமல், வெயிலிலும் சேற்றிலும் பாலம் கட்டிய மனிதருக்கே இந்தப் பட்டை வரும். இதனை விளக்கியபின் பெரியம்மா, படத்தைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டச் சொன்னார். ‘ஹவில்தார் தாத்தா’ என்ற பெயரை மாற்றச் சம்மதிக்கவில்லை. அன்பினால் இட்ட பெயர் அவ்வாறே இருக்கட்டும். ஆயின், படத்தின் பின்புறம் நாம் எழுதி வைத்திருப்பது ‘ஸாப்பர்’ என்பதுதான்.

இங்கே நிற்கிறது நாம் சொல்ல விரும்பும் கருத்து. இறந்தவர்க்குப் பதவி உயர்வு கொடுப்பது நம் குடும்பங்களில் பெருவழக்காக உள்ளது. நாயக் சுபேதார் ஆகிறார். சுபேதார் மேஜர் ஆகிறார். சமையற்காரர் சிப்பாய் ஆகிறார். இதனால் மெய்யாக அவர்கள் செய்த தொண்டு மறைந்துபோகிறது. பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தில் வெள்ளியன்றி வெண்கலத்தால் ஆனதும் உண்டு. அது தொழிலாளர் படையினர்க்கு வழங்கப்பட்டது. வெண்கலப் பதக்கத்தை வைத்திருக்கும் வீட்டார், “வெள்ளி கிடைக்கவில்லையே” என்று நாணுவர். மண் சுமந்தவரும், மூட்டை ஏற்றியவரும், சாலை போட்டவரும் இன்றி எந்தப் படை ஓரடி நகர்ந்திருக்கும்? அவ்வெண்கலத்தைக் கரண்டிக்கும் குண்டானுக்கும் இடையே ஒளித்து வைப்பதற்கு மாறாக, படத்தின் அருகே மாட்டுவதே முறை.

சின்னம் உண்மையாகவே உயர்ந்ததாக இருக்குமிடத்தும் அதன் பின்னே உள்ள செயலை அறிதல் வேண்டும். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழொட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் மதராஸ் ஸாப்பர் படையினர். 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியில் மிக்னானோ என்னுமிடத்தில் கண்ணிவெடி அகற்றும் குழுவை அவர் நடத்தினார். குழுவினர் ஒருவரின் காலடியில் வெடி கிளர்ந்தது. அது வெடிக்கச் சில வினாடிகளே இருந்த நிலையில், அவர் அதன்மேல் தம் உடலைக் கிடத்தித் தம்மவரைக் காத்து மாண்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அப்பதக்கத்தின் நாடா முழுவதும் கருநீலம். கோடோ பூவோ இல்லாத அந்த நாடாவைக் கருப்பு வெள்ளைப் படத்தில் காண்போர் எளிய துணி என்றே எண்ணிக் கடந்து செல்வர்.

அந்நியர் ஆட்சிக்குச் செய்த ஊழியம் பெருமைக்குரியதா என்று இளைஞர் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்வியே. முதல் உலகப்போரில் பிரிவுபடாத இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். இரண்டாம் போரில் 25 லட்சம் பேர். மாண்டோர் ஏறத்தாழ 87,000. இவர்களுள் வயிற்றுக்காகச் சென்றவரே மிகுதி. அதே காலத்தில், 1943-இல், மலேயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். ஒரே ஊரில் ஒரு வீட்டுப் படத்தில் மகுடமும், மறு வீட்டுப் படத்தில் மூவண்ணமும் இருக்கக்கூடும். மனம் எங்கே இருந்தது என்பதைப் பில்லை சொல்லாது. எங்கே நின்றார், யாருடன் நின்றார், எப்போது நின்றார் என்பதை மட்டும் அது பிழையின்றிச் சொல்லும். தீர்ப்பு வழங்குவதற்கு முன் இவற்றை அறிந்துகொள்வது நம் கடமை.

இறுதியாக அன்பர்க்குச் சில வேண்டுகோள். படத்தைச் சட்டத்திலிருந்து பலவந்தமாகப் பிரித்தெடுக்க வேண்டா. ஒட்டிக்கொண்ட படம் கிழியும். அட்டையின் அடியில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் இருக்கும். அதனை வெட்டி எறிய வேண்டா. வெளிச்சத்தில் வைத்து நகல் எடுத்து, தொப்பி, தோள், கை, மார்பு என்று பகுதி பகுதியாகப் பெரிதாக்கிப் பாருங்கள். பதக்கத்தைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினால் விளிம்பில் உள்ள எழுத்து தேய்ந்துபோகும். ஈரமற்ற மெல்லிய துணியே போதும். பழைய வெள்ளி வாங்குவோரிடம் எடை போடும் முன், விளிம்பில் உள்ள எண்ணையும் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போரில் மாண்டவராயின், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் அவ்வெண்ணைக் கொண்டு தேடலாம். ஸாப்பராயின், நம் பக்கத்திலேயே மதராஸ் ஸாப்பர்களின் அருங்காட்சியகம் உள்ளது.

எல்லாவற்றிற்கும் மேலாக, படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பெயரை எழுதுங்கள். அறிந்த பெயர், அறிந்த பதவி, அறிந்த ஆண்டு, இவை போதும். நடுகல்லைச் செதுக்கிய சிற்பி வீரனை அரசனாகச் செதுக்கவில்லை. ஆநிரை காத்தவனை ஆநிரை காத்தவனாகவே செதுக்கினான்; அதனால்தான் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அக்கல்லை நம்புகிறோம்.